கத்தரிக்கு முன் கண் வேலை செய்யட்டும்



ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு துணி மூட்டை இருக்கும். அலமாரியின் அடித்தட்டிலோ, பரண்மீதோ, பழைய தகரப் பெட்டிக்குள்ளோ அது கிடக்கும். உடுத்தவும் இயலாமல், எறியவும் மனம் வராமல் கட்டிவைத்த துணிகள் அதில் இருக்கும். வாப்பாவின் மங்கிய கைலி, மூத்த மகளின் பள்ளிச் சீருடை, உம்மாவின் வாயில் புடவை, சென்ற பெருநாளுக்குச் சட்டை தைத்தபோது மிஞ்சிய பூப்போட்ட துண்டு என்று எத்தனையோ! இம்மாதம் அந்த மூட்டையை அவிழ்த்து, ஒட்டுத்துணிப் போர்வை தைப்பதைப் பற்றிப் பேசுவோம்.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் சொல். அந்தக் 'கந்தை' என்னும் சொல்லுக்கு உறவான ஒரு சொல் வங்காளத்தில் 'காந்தா' என்று வழங்குகிறது. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவியெடுத்த நூலாலேயே தைத்த போர்வைக்கு அங்கே அந்தப் பெயர். நாம் கந்தை என்று ஒதுக்குவதை அவர்கள் கலை என்று விரித்துவைத்தார்கள். வேறுபாடு துணியில் இல்லை. அதைப் பார்த்த கண்ணில்தான் இருக்கிறது.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது. ஒட்டுத்துணிப் போர்வையில் கை வைத்தவர்கள் பலர் மூன்று மாதம் உழைத்து முடித்து, முதல் துவைப்பிலேயே மனம் உடைந்துபோவதுண்டு. சிவப்புத் துண்டின் சாயம் வெள்ளைத் துண்டில் இறங்கிவிடும். புதிய துணி சுருங்கி, பக்கத்திலுள்ள பழைய துணியைப் பிடித்திழுத்துக் கிழித்துவிடும். தையல் நன்றாகவே இருந்திருக்கும். தவறு தையலுக்கு முன்பே நடந்துவிட்டது. துணியை வெட்டிய பிறகு கவலைப்பட்டுப் பயனில்லை. ஆகவே கத்தரி வேலை செய்வதற்கு முன் கண்ணும் விரலும் வேலை செய்யவேண்டும். இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்.

சித்திப் பெண்களின் கவந்தி

இதைக் கற்றுக்கொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களின் காட்டோரச் சிற்றூர்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நூற்றாண்டுகளுக்கு முன் அடிமைகளாகவும், படைவீரர்களாகவும், கடலோடிகளாகவும் இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். போர்ச்சுக்கீசியர் ஆண்ட கோவாவில் அடிமைப்பட்டிருந்து தப்பிக் காட்டுக்குள் வந்தவர்களும் இவர்களின் முன்னோரில் உண்டு. முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்தாரும் இவர்களிடையே இருக்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் கர்நாடகச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தச் சித்திப் பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். இதற்குத் தையல் எந்திரம் வேண்டாம்; மரச்சட்டமும் வேண்டாம். ஒரு பழைய பருத்திப் புடவையை அடித்துணியாகத் தரையில் விரிப்பார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு போவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் உள்ளே அடுத்த சுற்று. இப்படி நான்கு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி வந்து சேரும்போது போர்வை முடிந்துவிடும். துண்டை ஒட்டும் தையலே அடித்துணியையும் சேர்த்துப் பிடிப்பதால், ஒட்டு வேலைக்கென்று ஒரு தையல், அடுக்குகளைப் பிணைக்க இன்னொரு தையல் என்று இரட்டை வேலை இல்லை.

இறுதியாக நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணித்துண்டுகளைப் பூப்போல வைத்துத் தைப்பார்கள். இதற்குப் 'பூலா' என்று பெயர். பூ என்பதே பொருள். பூலா இல்லாத கவந்தியை அவர்கள் ஆடை உடுத்தாததாகவே கருதுகிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு மிகச் சிறியது அது. ஆயினும், 'வேலையை அரைகுறையாக விட்டுவிடவில்லை' என்று அந்தப் பெண் சொல்லும் சான்று அதுவே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் இப்போர்வைகளை ஆராய்ந்து எழுதினார். 2011இல் நியூயார்க்கின் ஷோம்பர்க் மையத்தில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கிழிந்த புடவையும் பழைய சட்டையும் கடல் கடந்து கண்காட்சிக் கூடத்தில் தொங்கின என்றால், அந்தத் துணிகளின் விலையாலா? இல்லை. கைக்கு எட்டிய துணிகளுள் எதை எதனருகில் வைப்பது என்று தேர்ந்த கண்ணாலேயே ஆகும்.

முதலில் துணி: நான்கு சோதனைகள்

மூட்டையை அவிழ்த்ததும் நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முதலில் துணியின் உடல்நலத்தைப் பாருங்கள்.

ஒன்று, வலிமைச் சோதனை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழைகள் சிதறி, ஒளி பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் அந்தப் பகுதி தேய்ந்துவிட்டது. பிறகு இரு கைகளின் கட்டைவிரல்களை அருகருகே வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நெகிழ்ந்து கிழியும் துணி மேலே வைக்கத் தகாது. உள் அடுக்காக மட்டும் பயன்படும். புடவையில் இடுப்பில் செருகும் பகுதியும் தரையில் உரசும் கீழ்க்கரையும் முதலில் தேயும். முந்தானைப் பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

இரண்டு, கனச் சோதனை. ஒரே போர்வையில் மெல்லிய வாயிலும் முரட்டு ஜீன்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடாது. கனமான துணி துவைக்கும்போது நீரைக் குடித்துப் பாரமாகி, மெல்லியதைத் தையலோடு பிய்த்துவிடும். வாயில், பாப்ளின், கைலித் துணி ஆகியவை ஒரு குழு. சட்டைத் துணி, சீருடைத் துணி, படுக்கை விரிப்பு ஆகியவை இன்னொரு குழு. முரட்டுத் துணிகளுக்குத் தனிப் போர்வை.

மூன்று, சாயச் சோதனை. சிவப்பு, கருநீலம், மெரூன், கருப்பு ஆகிய நிறங்களை நம்பிவிடக்கூடாது. துணியின் ஓரத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை படிந்தால், நீர் தெளியும்வரை தனியாகத் துவையுங்கள். ஐந்து முறை துவைத்தும் தெளியவில்லையென்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏற்கெனவே சாயமேற்றி விற்பனைக்கு வந்த துணிக்கு உப்பு அந்த உதவியைச் செய்வதில்லை. புதிய துணி எதுவாயினும், வெட்டுமுன் ஒருமுறை நனைத்து உலர்த்திச் சுருங்கவிடுவது அவசியம்.

நான்கு, இழைச் சோதனை. பருத்தியா, செயற்கை இழையா என்பது ஐயமானால், ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, ஒரு தட்டின்மேல் வைத்து எரித்துப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டரும் நைலானும் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். அந்த உருகல் தோலில் ஒட்டினால் காயம் ஆழமாகும். ஆகவே போர்வைக்குப் பருத்தியே ஏற்றது. டெரிகாட்டன் போன்ற கலப்புத் துணிகளைத் தலையணை உறைக்கும் பைக்கும் ஒதுக்கிவிடுங்கள்.

பிறகு நிறம்

நிறம் என்றதும் 'பச்சைக்குச் சிவப்பு பொருந்துமா?' என்றே நாம் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, 'இது வெளிர் நிறமா, அடர் நிறமா?' என்பது. அழகான பத்து நிறங்கள் சேர்ந்தும், எல்லாமே இடைநிறங்களாக இருந்தால் போர்வை தூரத்திலிருந்து ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். வெளிர் நிறம் பக்கத்தில் இருந்தால்தான் அடர் நிறம் எடுத்துக்காட்டும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. துண்டுகளைத் தரையில் பரப்பிவைத்து, மக்ரிபுக்குச் சற்று முன், விளக்கேற்றாமல் அந்தி வெளிச்சத்தில் கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நிறங்கள் மங்கி, வெளிர்வும் அடர்வும் மட்டும் தெரியும். எங்கே அடர்த்தி ஒரே பக்கம் குவிந்திருக்கிறதோ அங்கே இரண்டொரு துண்டுகளை இடம் மாற்றுங்கள்.

இன்னும் மூன்று குறிப்புகளை மனத்தில் கொள்ளலாம்.

பெரிய பூ, சிறிய புள்ளி, கட்டம் என எல்லாமே பேசுகிற துணிகளானால் கண் களைத்துப்போகும். நடுநடுவே பூவில்லாத ஒற்றை நிறத்துணி பேசாமல் இருக்கட்டும்.

கண்ணைப் பறிக்கும் நிறம் ஒன்று போதும். மஞ்சளோ கிளிப்பச்சையோ எடுத்துக்கொண்டு, ஐந்தாறு இடங்களில் மட்டும் சிறு துண்டுகளாக வையுங்கள். குழம்புக்கு உப்புப் போன்றது அது.

நம் வீட்டுக் கைலிகளை இளக்காரமாக எண்ணாதீர்கள். நீலமும் வெள்ளையும், பச்சையும் மெரூனும் கலந்த கட்டங்களில் அடரும் வெளிரும் நெசவிலேயே அமைந்திருக்கின்றன. நான்கு பழைய கைலிகளும் ஒரு வெள்ளை வேட்டியும் இருந்தால் ஒரு போர்வைக்கான நிறத்திட்டம் கைக்கு வந்துவிட்டது.

பருவத்துக்கு ஒரு போர்வை

குளிர்நாட்டுப் புத்தகங்களில் காணும் பஞ்சு அடைத்த கனத்த போர்வை நம் சமவெளிக்கு ஆகாது. நம் பருவங்களைப் பார்த்தே அடுக்குகளைத் தீர்மானிக்க வேண்டும்.

கோடைக்கு இரண்டு அடுக்கு போதும். மேலே வாயில் துண்டுகள், கீழே ஒரு பழைய புடவை. வெள்ளை, இளநீலம், தளிர்ப்பச்சை, சந்தனம் ஆகிய நிறங்கள் கண்ணுக்கு இதம். மொட்டைமாடியில் படுப்பவர்களுக்கு விடியற்காலைக் காற்றுக்கு இதுவே போதுமானது.

மழைக்காலத்தின் தொல்லை குளிர் அன்று, ஈரமே. ஐப்பசி, கார்த்திகையில் கனத்த போர்வையைத் துவைத்தால் மூன்று நாளாயினும் உள் அடுக்கு உலராமல் பூசணம் பூக்கும், வாடையும் அடிக்கும். ஆகவே மழைக்காலத்துக்கும் மெல்லிய இரண்டடுக்குப் போர்வைகளே நல்லவை. வேண்டும்போது இரண்டைச் சேர்த்துப் போர்த்திக்கொள்ளலாம். துவைக்கும்போது தனித்தனியே விரைவில் உலரும். அழுக்குக் காட்டாத கருநீலம், மெரூன், காப்பிக்கொட்டை நிறம் இதற்குப் பொருந்தும்.

மார்கழி, தைப் பனிக்கு மூன்று அல்லது நான்கு அடுக்கு. கதகதப்பைத் தருவது துணி மட்டுமன்று. அடுக்குகளுக்கு இடையே அடைபட்டு அசையாதிருக்கும் காற்றும்தான். அதனால் ஒரே கனத்த துணியைவிடப் பல மெல்லிய துணிகள் நல்லது. உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலையூர்களில் வசிப்பவர்கள் பழைய கம்பளிச் சால்வையை உள் அடுக்காக வைக்கலாம். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகியவை பார்ப்பதற்குக் கதகதப்பான நிறங்கள்.

வேலைக்கும் இதே பருவக் கணக்கு உதவும். சித்திரை வெயிலில் துணிகளைத் துவைத்து உலர்த்திப் பிரித்துவையுங்கள். மழைநாள்களில் வீட்டிலிருந்தபடியே தையுங்கள். மார்கழியில் போர்த்திக்கொள்ளுங்கள்.

நமக்கென்று இன்னொரு பருவமும் உண்டு. பெருநாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தையற்கடைகளில் வெட்டுத்துணி மலைபோல் குவியும். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே கொடுத்துவிடுவார்கள். சந்திரக் கணக்கால் பெருநாள் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருவதால், கோடையில் வந்தால் பருத்தி வாயில் துண்டுகளும், வேறு காலங்களில் வேறு துணிகளும் கிடைக்கும். ஆனால் அவை துவைக்காத புதுத்துணிகள். மேலே சொன்ன நான்கு சோதனைகளும் அவற்றுக்குக் கட்டாயம் வேண்டும்.

அளவும் கணக்கும்

ஒருவர் போர்த்திக்கொள்ள 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் போதும். சதுரத் துண்டுகளால் செய்வதானால், ஒவ்வொன்றையும் 7 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 6 அங்குலம் நிற்கும். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15, ஆக 150 துண்டுகள். இவற்றுள் 50 வெளிர், 50 இடைநிறம், 50 அடர் என்று வைத்துக்கொள்வது எளிய பங்கீடு.

அடித்துணிக்கு ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்று போதும். அதை நீளவாக்கில் சரிபாதியாக வெட்டினால் ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய 108 அங்குலம் வரும். இரண்டையும் பக்கவாட்டில் இணைத்துவிட்டால் அகலமும் நீளமும் வேண்டியதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

சதுரமாக வெட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கும், சிறியதும் பெரியதுமான துண்டுகளே வைத்திருப்பவர்களுக்கும் சித்திப் பெண்களின் முறையே உகந்தது. துண்டின் ஓரத்தை உள்ளே மடித்து, ஓட்டுத்தையலாக, கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை இடைவெளி விட்டு வரிசை வரிசையாகத் தைத்துக்கொண்டு வரவேண்டும். அடித்துணி சுருங்காமல் அவ்வப்போது கையால் நீவிவிடுங்கள். முதல் முயற்சிக்கு 36 அங்குலச் சதுர விரிப்பு ஒன்றைத் தைத்துப் பாருங்கள். அதற்கு 6 அங்குலத் துண்டுகள் 36 போதும்.

குழந்தைக்குத் தைப்பவர்கள் கவனத்திற்கு

பேறுகாலத்தை எதிர்பார்க்கும் வீடுகளில் பிள்ளைக்கென்று போர்வை தைப்பது இனிய வழக்கம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது தளர்வான போர்வை எதையும் அதன்மேலோ அருகிலோ வைக்கலாகாது என்பதே இன்றைய குழந்தை மருத்துவம் சொல்வது. முகத்தில் மூடினால் விலக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. மூச்சுத் திணறும் ஆபத்து உண்டு. ஆகவே அதை விழித்திருக்கும் குழந்தையை நம் கண்பார்வையில் கிடத்தி விளையாடவிடும் தரைவிரிப்பாக மட்டும் பயன்படுத்துங்கள். பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம். குழந்தைத் துணிகளோடு அந்துருண்டை போட்டுவைப்பதும் கூடாது. அதிலுள்ள நாப்தலீன், பிறவியிலேயே ஒருவகை இரத்தக் குறைபாடுள்ள சிசுக்களுக்குக் கடுமையான மஞ்சள் காமாலையை வரவழைக்கவல்லது. நல்ல வெயிலும் காய்ந்த வேப்பிலையும் போதும்.

நினைவைச் சுமக்கும் துணிகள்

மூட்டையில் சில துணிகள் மறைந்தவர்களுடையவையாக இருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் கறுப்பின மக்களின் சிற்றூர் உண்டு. 1942இல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண்மணி, இறந்துபோன தம் கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். வயல் வேலையில் வெளுத்த நீலமும் சாம்பலும்தான் அதன் பெரும்பகுதி. அவரை நினைத்துக்கொண்டு அதனடியில் படுப்பதற்காகவே அவர் அதைத் தைத்தார். 2002இல் ஹியூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் தொடங்கிய கண்காட்சியின் வழியே அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் உலகின் கவனத்தைப் பெற்றன.

அப்படி ஒன்று செய்ய உங்கள் உள்ளம் விரும்பினால் இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். மறைந்தவர் விட்டுச்சென்ற துணியும் அவருடைய சொத்தே. அதில் வாரிசுகள் அனைவருக்கும் பங்குண்டு. உங்கள் உம்மாவின் புடவையில் உங்கள் சகோதரியின் கண்ணும் பதிந்திருக்கும். எல்லாருடைய ஒப்புதலையும் பெற்ற பின்பே கத்தரியை எடுங்கள். அடுத்து, உடுத்தும் நிலையில் இருக்கும் நல்ல துணி ஓர் ஏழையின் உடலை மறைக்கும்; அதை வெட்டி அலங்காரம் செய்யாதீர்கள். கிழிந்ததும் தேய்ந்ததுமே போர்வைக்கு உரியவை. கடையில் புதுத்துணி வாங்கி வெட்டி, மீண்டும் ஒட்டுவது இக்கலையின் கருத்துக்கே எதிரானது.

கையின் விலை

கடைசியாக ஒரு கணக்கு. 60 அங்குலத்துக்கு 90 அங்குலப் போர்வையில் அரை அங்குலத்துக்கு ஒரு வரிசையாக ஓட்டுத்தையல் போட்டால் 120 வரிசைகள். ஒவ்வொரு வரிசையும் 90 அங்குலம். அங்குலத்துக்கு நான்கு தையல் என்றால் மொத்தம் 43,200 தையல்கள். நூல் மட்டும் 300 கஜத்துக்குக் குறையாமல் ஓடியிருக்கும். அத்தனை முறை ஊசி இறங்கி ஏறியிருக்கிறது. அத்தனை முறையும் ஒரு பெண்ணின் கண் அதைத் தொடர்ந்து போயிருக்கிறது.

கையால் தைத்த போர்வை ஒன்று விற்பனைக்கு வந்தால் 'பழைய துணிதானே!' என்று பேரம் பேசுகிறோமே, அப்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலேயே மாமியாரோ மகளோ தைத்து முடித்து வைத்திருந்தால், மூலைகளைத் தொட்டுப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். சித்திப் பெண்களின் கவந்தியில் பூலா எப்படியோ, அப்படி அந்த ஒரு வார்த்தையும் அந்த உழைப்பை நிறைவு செய்யும்.

இவ்வாரமே மூட்டையை அவிழுங்கள், சகோதரிகளே! வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நனைத்துப் பாருங்கள், அந்தியில் பரப்பிப் பாருங்கள். கத்தரி சில நாள்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். அவசரம் வேண்டாம். மார்கழிக்குள் உங்கள் இல்லத்தில் ஒரு போர்வை விரியும், இன்ஷா அல்லாஹ்.